மூன்றாவது லேன் முடிந்த இடம்: சூர்யா நதிப் பால விபத்தை ஒரு கார்க்காரன் படித்த விதம்

சென்னையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக வேலூருக்குப் போகிறோமே, அந்தச் சாலையின் எண் 48. கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்பள்ளி, புணே, மும்பை, சூரத், அகமதாபாத் என்று ஏறிக்கொண்டே போய் டெல்லியில்தான் அது முடிகிறது. நான் மாதம் இரண்டு தடவையாவது அதன் தென்கோடியில் வண்டி ஓட்டுகிறவன். அதனால்தானோ என்னவோ, அதே சாலையில் 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த ஒரு விபத்து எனக்கு யாரோ பெரிய மனிதர் இறந்த செய்தியாக மட்டும் படவில்லை.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. டாடா சன்ஸ் நிறுவனத்தின் தலைவராக 2012 முதல் 2016 வரை இருந்த சைரஸ் மிஸ்திரி, மும்பைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 54. மெர்சிடிஸ் பென்ஸ் ஜி.எல்.சி. வகைக் கார். குஜராத்தில் பார்சிகளின் புனிதத் தலமான உத்வாடாவுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார்கள். காரில் நான்கு பேர். ஓட்டியவர் மும்பையின் பெயர்பெற்ற பெண் மருத்துவர். பக்கத்தில் அவருடைய கணவர். பின்சீட்டில் மிஸ்திரியும் அந்தக் கணவரின் சகோதரரும். மதியம் இரண்டரை மணி வாக்கில், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சாரோட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சூர்யா நதிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கார் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நாடே பின்சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியதுதான், நானும் பேசப்போகிறேன். ஆனால் பெல்ட் என்பது சுவரில் மோதிய பிறகு வேலை செய்கிற பொருள். எனக்குப் பிடிபட வேண்டியிருந்தது அதற்கு முந்தைய பத்து விநாடி. நல்ல வெளிச்சம், நல்ல கார், அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமை. அப்படியிருக்க அந்தக் கார் எப்படி அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றது?

லேன் கணக்கு

முதல் நாள் போலீஸ் தரப்பிலிருந்து வந்த தகவல், கார் இன்னொரு வண்டியை இடது பக்கமாக ஓவர்டேக் செய்ய முயன்றது என்பது. இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, முன்சீட்டில் இருந்த கணவர் கொடுத்த வாக்குமூலம் இன்னும் தெளிவாக இருந்தது. அவர்கள் மூன்றாவது லேனில், அதாவது இடது ஓரத்து லேனில், வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன ஒரு கார் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியது. இவர்களும் அதே மாதிரி மாறப் பார்த்தார்கள். வலது பக்கம், இரண்டாவது லேனில், ஒரு லாரி. மாற முடியவில்லை. அந்த இடத்தில்தான் சாலை மூன்று லேனிலிருந்து இரண்டாகக் குறுகிப் பாலத்தில் ஏறுகிறது. மூன்றாவது லேன் முடிகிற இடத்தில் இருந்தது பாலத்தின் சுவர்.

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி ஆனது. நான் எத்தனை தடவை இதைச் செய்திருக்கிறேன்! வலது லேனில் ஒரு லாரி அறுபதில் போகும். நடு லேனில் இன்னொரு லாரி, அதை அறுபத்திரண்டில் முந்திக்கொண்டிருக்கும். இடது லேன் காலி. ஹாரன் அடித்துப் பார்ப்போம், லைட் அடித்துப் பார்ப்போம், பிறகு இடது பக்கமாக நுழைந்து போய்விடுவோம். இந்தியாவில் ஓவர்டேக் வலது பக்கம்தான் என்று 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்கின்றன, அதற்கு முன்பிருந்த 1989-ஆம் ஆண்டு விதிகளும் சொல்லின. தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவோம். சாலையில் இடது பக்கம்தான் நமக்கு இயல்பான வழி.

சாரோட்டியில் அவர்கள் ஓவர்டேக்தான் செய்தார்களா, வெறுமனே இடது லேனில் வந்துகொண்டிருந்தார்களா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: பக்கத்து லேனில் ஒரு நீளமான வண்டி, முன்னால் முடியப்போகிற லேன், இரண்டுக்கும் நடுவில் நாம்.

கார் நிறுவனம் போலீஸாருக்குக் கொடுத்த தகவலின்படி, மோதலுக்கு ஐந்து விநாடிக்கு முன் வேகம் மணிக்கு 100 கி.மீ. மோதும்போது 89. (முதல் நாட்களில் போலீஸார் கேமரா பதிவை வைத்து, 20 கி.மீ. தூரத்தை 9 நிமிடத்தில் கடந்தார்கள் என்று சொன்னார்கள். அது மணிக்கு 130-க்கு மேல் வரும். வண்டியில் பதிவான எண்ணையே நான் எடுத்துக்கொள்கிறேன்.) இந்த இரண்டு எண்களோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறில் போகிற கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடும். அந்த ஐந்து விநாடியில் கார் கடந்திருக்கக்கூடிய தூரம் கிட்டத்தட்ட 130 மீட்டர். நல்ல டயர், காய்ந்த தார் என்றால் நூறிலிருந்து முழு பிரேக்கில் நிற்க 50, 55 மீட்டர் போதும். காலை எடுத்து வைக்கிற நேரத்தைச் சேர்த்தாலும் நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். அதாவது ஐந்து விநாடிக்கு முன் சுவர்தான் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் கார் நின்றிருக்கும். ஆனால் 11 கி.மீ. மட்டும் குறைந்திருக்கிறது. மீதி நேரத்தை எது தின்றது?

என் ஊகம் இது, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். லேன் மாற இடம் கிடைக்காதபோது நம் மூளை முதலில் பிரேக்கைத் தேடுவதில்லை, இடைவெளியைத் தேடுகிறது. லாரிக்கு முன்னால் போய்விடலாமா, பின்னால் விழலாமா என்று வலது கண்ணாடியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்க்கிறோம். அந்தப் பார்வைகள் ஒவ்வொன்றும் ஒரு விநாடி, 28 மீட்டர். பக்கத்தில் ஓடுகிற லாரிக்கும் நமக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால், அது நகராத மதில் மாதிரி கூடவே வரும். இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முன்னால் போன காரும் இதில் உண்டு. நான் அதைக் குற்றம் சொல்லவில்லை, அது சரியான இடத்தில்தான் மாறியிருக்கலாம். ஆனால் முன்வண்டியின் முதுகை மட்டும் பார்த்து ஓட்டுகிறவனுக்குச் சாலை தெரியாது, முன்வண்டியின் முடிவுதான் தெரியும். அவன் மாறினால் நாமும் மாறுவோம், அவனுக்குக் கிடைத்த இடைவெளி நமக்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடுவோம். அவனுக்குப் பின்னால் லாரி வந்து நிரப்பிவிட்டது என்றால் கதை முடிந்தது.

லாரி சீட்டிலிருந்து

எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் என் தாய்மாமன். நாமக்கல்காரர். இருபத்தெட்டு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். மும்பை, சூரத், அகமதாபாத் எல்லாம் அவருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. சாரோட்டி என்றதும், "அந்தப் பாலமா?" என்றார். நான் ஒரு தாளில் மூன்று கோடு போட்டு, லாரியை வரைந்து, காரை வரைந்து காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடது பக்கம் ஏறி வர்ற கார் கண்ணாடில ஒரு செகண்டு தெரியும் மாப்ள. அப்புறம் காணாமப் போயிரும். மறுபடி தெரியறப்ப நம்ம பம்பருக்கு முன்னால இருக்கும். நடுவுல இருந்த நேரம் அவன் எங்க இருந்தான்னு எனக்குத் தெரியாது."

நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது ஜன்னலுக்கு வெளியே நடப்பதைத் தலையைத் திருப்பிப் பார்த்துவிடலாம். இடது பக்கம் கேபினின் முழு அகலமும் தாண்டி, ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் விழாத பட்டை ஒன்று லாரியின் இடுப்போடு ஒட்டியே ஓடும். இடது பக்கமாக ஓவர்டேக் செய்கிற ஒவ்வொரு காரும் அந்தப் பட்டைக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

"அப்பெல்லாம் கிளீனர் இருப்பான். இடது ஜன்னல்ல தலைய நீட்டி, வரான் வரான்னு கத்துவான். கையக் காட்டி நிறுத்துவான். இப்ப ஒத்த ஆளுதான் ஓட்டறான். அந்தக் கண்ணு போச்சு."

சரி, லாரி ஏன் இடது லேனில் போகக் கூடாது? கனரக வண்டிக்கு அதுதானே இடம்? இந்தக் கேள்விக்கு மாமாவுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"நீ முப்பது டன்ன வெச்சுக்கிட்டு இடது பக்கம் போய்ப் பாரு. டீக்கடை முன்னால நாலு வண்டி பாதி ரோட்ட அடைச்சு நிக்கும். அதைத் தாண்டுனா ராங் சைடுல ஒருத்தன் பால் கேனோட வருவான். அதையும் தாண்டுனா பஸ்ஸு ரோட்டுலயே ஆள் ஏத்தும். நான் உள்ள வெளிய, உள்ள வெளியன்னு போயிட்டு இருக்க முடியுமா? நடுவுல போட்டா போட்டபடி போயிரும்."

இதை நான் இதற்கு முன் யோசித்ததில்லை. லாரி வலதில் போவதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். டீக்கடை முன்னால் அரைகுறையாக நிறுத்தியவர் லாரியை நடுவுக்குத் தள்ளுகிறார். நடுவுக்கு வந்த லாரி காரை இடதுக்குத் தள்ளுகிறது. இடதுக்குப் போன காருக்கு முன்னால் திடீரென்று லேன் முடிகிறது. டீக்கடையில் நிறுத்தியவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ராங் சைடில் பால் கேனோடு வருகிறவரையும் சும்மா திட்ட முடியவில்லை. யூ டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவர் வேறு என்ன செய்வார்? திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். அந்த லாரியில் நீங்கள் இருந்திருந்தால்?

"தெரிஞ்சிருந்தா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருப்பேன். பிரேக் வேண்டாம், காலை எடுத்தாப் போதும், கார் போற அளவுக்கு இடம் வந்துரும். தெரிஞ்சிருக்குமாங்கறதுதான். அவன் இண்டிகேட்டர் போட்டானா, எப்பப் போட்டான்னு யாரு பாத்தா?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சேர்த்துக்கொண்டார்: "காலை எடுத்தாலும் லோடு வண்டி திரும்ப அறுபதுக்கு வர எவ்வளவு நேரமாகும் தெரியுமா? டீசல் யாரு குடுப்பா? அதனால பல பேரு எடுக்க மாட்டான். அதையும் சொல்லணும்."

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, சைடு கொடுப்பது. கொடுப்பவனிடமிருந்து ஏதோ ஒன்று போகிறது என்று அந்தச் சொல்லே ஒத்துக்கொள்கிறது. லாரிக்காரருக்கு டீசல், கார்க்காரருக்கு நான்கைந்து விநாடி. மரியாதை என்றால் புன்னகையும் கும்பிடும் என்றுதான் முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நூறில் போகிற இரண்டு வண்டிகளுக்குள் புன்னகை தெரியாது. ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்பது மற்றவருக்கு எத்தனை விநாடி முன்னால் தெரிகிறது என்பதுதான் அங்கே மரியாதையின் அளவு.

இதிலும் நம் மொழி குழப்பம் பிடித்தது. முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், நீ தாராளமாக முந்திக்கொள் என்று ஓர் அர்த்தம். நான் வலதுக்குத் திரும்பப்போகிறேன் என்று இன்னோர் அர்த்தம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே சாலையில் பார்க்கலாம். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால், நீ போ என்று எடுத்துக்கொள்ளும் ஊர்கள் உலகத்தில் உண்டு. இங்கே அதற்கு அர்த்தம், நான் வருகிறேன் நீ நில். மழை வந்தால் நான்கு பக்கமும் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகிற கார்கள் தனி ரகம். ஓடுகிற வண்டி அதைப் போட்டுக்கொண்டால் லேன் மாறுகிறதா இல்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது.

பின்சீட்

89 கி.மீ. வேகத்தில் மோதியபோது காருடைய இயக்க ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது. வேகம் நூறிலிருந்து 89-க்கு வந்தது பெரிய குறைவாகத் தோன்றலாம், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். கார் சுவரில் நின்றுவிடும். பெல்ட் போடாத பின்சீட் பயணி நிற்க மாட்டார், அதே 89-இல் முன்னால் போவார். அந்த வேகத்தை உயரமாக மாற்றினால் 31 மீட்டர் வரும். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம். முன்சீட்டின் முதுகைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பத்து மாடியைத்தான் நான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். முன்னால் பெல்ட் போட்டிருப்பவருக்கும் பின்னால் போடாதவர் ஆபத்து. எழுபது கிலோ எடை பின்னாலிருந்து வந்து சீட்டில் இடிக்கும்.

2023 ஜனவரியில் போலீஸார் 152 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். ஓட்டியவர் பெல்ட்டைச் சரியாக அணியவில்லை, தோள்பட்டைப் பகுதி மட்டும் இருந்தது, இடுப்பில் வர வேண்டிய பட்டை ஒழுங்காக இல்லை என்பது அவர்கள் தரப்பு. அதன் மெய் பொய்யை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் படிக்கும்போது எனக்கு உறைத்தது வேறு. மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தார். அது மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பதால்தான் வேலை செய்கிறது. அறுபது ஆண்டு கழித்தும் நாம் அதை போலீஸ்காரருக்குக் காட்டுகிற பொருளாக வைத்திருக்கிறோம். டோல்கேட் வந்தால் இழுத்து மடியில் வைத்துக்கொள்வது, தாண்டியதும் விட்டுவிடுவது.

விபத்து நடந்த அடுத்தடுத்த நாட்களில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஒன்று சொன்னார். நான்கு முதலமைச்சர்களின் கார்களில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பெயரைக் கேட்காதீர்கள், எல்லாவற்றிலும் பெல்ட் போடாவிட்டால் சத்தம் வராமல் இருக்க கிளிப் மாட்டி வைத்திருந்தார்கள் என்று. சின்னத் தகரத் துண்டு அது. பெல்ட் செருகுகிற பொந்தில் அதைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்பை விற்ற 13,118 பக்கங்களை நீக்க வைத்தது. வண்டி வாங்குகிறவன் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இன்னும் கொஞ்சம் காசு கொடுத்து அணைக்கிறான் என்றால், வேறு எதைச் சொல்ல?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. அதில் ஓட்டியவர்கள் 8,384, உடன் பயணித்தவர்கள் 8,331. கிட்டத்தட்ட சரிபாதி. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்ற விதி அந்த விபத்துக்கு வெகு முன்பே இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஆயிரம் ரூபாய். மும்பை போலீஸ், காரில் உள்ள அத்தனை பேருக்கும் பெல்ட் கட்டாயம் என்று 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்ததே செய்தியாகத்தான் வந்தது. இருக்கிற விதியை அமல்படுத்துவது நம் ஊரில் செய்தி.

பாலத்தின் பங்கு

ஓட்டுநரைப் பற்றி மட்டும் எழுதி முடித்தால் அது பாதி ஆய்வுதான். ஏழு பேர் கொண்ட தடய அறிவியல் குழு அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பாலத்தின் வடிவமைப்பே கோளாறு, கைப்பிடிச் சுவர் லேனுக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது என்று சொன்னது. அது தனி விபத்தும் அல்ல. மகாராஷ்டிர நெடுஞ்சாலைப் போலீஸ் கணக்கில், தாணே பக்கம் கோட்பந்தரிலிருந்து பால்கரின் தாப்சரி வரை நூறு கிலோமீட்டரில், 2022-இல் செப்டம்பர் நடுப்பகுதிக்குள்ளேயே 262 விபத்துகள், 62 இறப்புகள். சாரோட்டி சுற்றுவட்டாரத்தில் மட்டும் 25 பெரிய விபத்துகள், 26 உயிர்கள்.

25 விபத்து நடந்த இடத்தில் 25 ஓட்டுநர்களும் முட்டாள்கள் என்று எந்தக் கணக்கும் ஒத்துக்கொள்ளாது. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் பாலத்தை அப்படியே விட்டுவிட்டால் மூன்று இரண்டாகிக்கொண்டேதான் இருக்கும். அப்படிக் குறுகுகிற இடத்துக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே பலகை வைத்து, அம்புக்குறி போட்டு, லேனைச் சரிவாக ஒடுக்கிக்கொண்டு வந்து, சுவர் முனைக்கு முன்னால் மோதினாலும் வாங்கிக்கொள்கிற தடுப்பை வைத்திருந்தால், பக்கத்தில் லாரி இருந்தாலும் ஓட்டியவருக்கு ஐந்து விநாடிக்குப் பதில் பதினைந்து கிடைத்திருக்கும். ஓட்டியவர் மீது வழக்கு இருக்கிறது. அந்தச் சுவரை அங்கே விட்டவர்கள் யாராவது அவரோடு கூண்டில் நிற்கிறார்களா என்று தேடினேன். குற்றப்பத்திரிகைச் செய்திகளில் எனக்கு அப்படி ஒரு பெயரும் தென்படவில்லை.

தென்கோடியில்

சாரோட்டியைப் பார்க்க நாம் பால்கர் வரை போக வேண்டாம். இதே 48-இல் ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவில் ஆறு வழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அகலமாக ஓடிவந்த சாலை திடீரென்று ஒடுங்கும். பெயிண்ட் உதிர்ந்த தார் டிரம் ஒன்று, அதன்மேல் மணல் மூட்டை, அம்புக்குறிப் பலகை சில இடத்தில் உண்டு, சில இடத்தில் விழுந்து கிடக்கும். வழியை சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்புவார்கள், திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள்.

அங்கே ஓட்டும்போது நான் மாற்றிக்கொண்டவை அதிகமில்லை. முதலாவது, முன்வண்டிக்கும் எனக்கும் இடைவெளி. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, மூன்று எண்ணுவதற்குள் நான் அந்தக் கம்பத்தைத் தொடக் கூடாது. நூறில் அது எண்பத்து மூன்று மீட்டர். அவ்வளவு இடம் விட்டால் ஆள் புகுந்துவிடுவானே என்பார்கள். புகுவான். மறுபடி எண்ண வேண்டியதுதான். சென்னையிலிருந்து வேலூருக்குள் இருபது பேர் புகுந்தாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் தாமதமாகும். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கிற அம்புக்குறிப் பலகை கண்ணில் படும்.

இன்னொன்று, லாரிக்கு இணையாக ஓடுவதில்லை. முந்துவதாக இருந்தால் முந்திவிடுவது, இல்லாவிட்டால் பின்னாலேயே நிற்பது. நூறில் போகிற கார், அறுபதில் போகிற லாரியை முன்னும் பின்னும் இடம் விட்டு முந்த ஏழு விநாடி ஆகும். அதற்குள் கார் 190 மீட்டர் ஓடியிருக்கும். அந்த 190 மீட்டரும் எனக்கு முன்னால் காலியாகத் தெரியாவிட்டால் ஆரம்பிப்பதில்லை. இடது பக்கமாக நுழைவதை முழுதாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். நூறு தடவை செய்தவன் இப்போது ஐந்து தடவை செய்கிறேன். அந்த ஐந்தும் தப்புதான்.

இரவு விளக்கைப் பற்றித் தனியாக எழுதலாம். நடுவில் அரளிச் செடி அடர்ந்திருக்கிற இடத்தில் எதிர்த்திசை ஹைபீம் தெரியாது, செடி பட்டுப்போன இடத்தில் கண் இரண்டு விநாடி இருண்டுவிடும். நாம் டிம் செய்தால் எதிரே வருகிறவரும் பாதிப் பேராவது செய்கிறார்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

போன தை மாதம் வேலூரில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு சென்னைக்கு வரும்போது மாமா பின்சீட்டில் ஏறினார். பெல்ட் போடுங்கள் என்றேன். "எனக்கா?" என்றார். பட்டையை இழுத்துவிட்டார், மாட்டுகிற பொந்தைக் காணோம். கார் வாங்கிய வாரமே கடையில் கொடுத்து சீட் கவர் தைத்திருந்தேன், பின்சீட்டின் மூன்று பொந்தையும் கவருக்கு அடியில் வைத்தே தைத்துவிட்டிருந்தார்கள். நான்கு வருடமாக எனக்கு அது தெரியவில்லை. இத்தனை கணக்குப் போட்டவன் நான். பேனாக்கத்தியால் தையலைப் பிரித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, ஒரு பொந்தை வெளியே எடுத்தோம். கூடவே ஒரு டோல் ரசீதும் வந்தது.

காவேரிப்பாக்கம் தாண்டி ஓர் இடத்தில் என் லேன் முடிவதாக டிரம் வைத்திருந்தார்கள். வலது பக்கம் செங்கல் லோடு லாரி. தூரத்திலேயே இண்டிகேட்டர் போட்டுவிட்டு வேகத்தைக் குறைத்தேன், லாரிக்குப் பின்னால் விழுந்துவிடலாம் என்று. லாரிக்காரர் என்ன நினைத்தாரோ, அவர் முதலில் காலை எடுத்துவிட்டார். எனக்கு முன்னால் இடம் பெரிதாகத் திறந்தது. நுழைந்துகொண்டேன். ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பின்னாலிருந்து மாமா குரல்: "கையக் காட்டுனது போதும். இண்டிகேட்டரை அணை, இன்னும் துடிச்சுக்கிட்டே இருக்குது."